பின்சுவர் இல்லாத படகு

உன்மீது எனக்குள்ள குறைகள், நடந்த வரிசையில்:

1. சென்ற ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை: எனக்கென்று ஒரு கயாக்கை, ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய படகை, நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்தாய். அந்தத் தேர்வில் ஒரு பிழையும் இல்லை. அதுவே என் முதல் குறை.

2. அதே ஆண்டு, வைகாசி கடைசி வாரம்: உனக்கென்று வாங்கிய கயாக்கின் பின்சுவரை, குமுளி அடிவாரத்துக் கூடலூரில் உன் ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வைத்து அறுத்தெடுத்தாய். எனக்குச் சொல்லவில்லை.

3. ஆனி, முதல் சனிக்கிழமை: நான் கேட்டபோது, அடைத்தாயிற்று என்றாய். படகைத் தட்டியும் காட்டினாய். நீ தட்டியது முன்பாதியை.

4. ஆடி, இரண்டாம் ஞாயிறு, பிற்பகல்: காற்று எழுந்த பிறகு நீரில் இறங்குவதில்லை என்று நாம் இருவரும் செய்துகொண்ட உடன்பாட்டை மீறினாய்.

5. அதே நாள்: உயிர்காப்புச் சட்டையை உடம்பில் அணியாமல், பின்னிருக்கைக்கு மெத்தையாகப் போட்டிருந்தாய்.

6. அதே நாள், அதே இருக்கை: ஒரு மண் மூட்டை.

7. இந்த ஆண்டு ஆடி, நேற்று மாலை: உன் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

முதல் ஆறையும் ஓராண்டாக எனக்குள்ளேயே வைத்திருந்தேன். ஏழாவது நேராதிருந்தால் அவை அங்கேயே கிடந்து மக்கியிருக்கும். இறந்தவர் பெயருக்கு அனுப்பும் அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்று என்னிடம் தொழில் பழக வரும் இளைஞர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்து வருகிறேன். உத்தமபாளையம் நீதிமன்றத்தில் இத்தனை காலம் வழக்காடியவன், செல்லாது என்று தெரிந்தே எழுதுகிற முதல் அறிவிப்பு இது. போன ஆடியில் நீ கண்மாயில் மூழ்கி இறந்தாய் என்பதை மறந்துவிட்டு எழுதவில்லை. நன்றாக நினைவில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இன்று காலை என் அனுமந்தன்பட்டித் தென்னந்தோப்புக்குப் போய் மோட்டார் அறையைத் திறந்தேன். உன் படகு அங்கேதான் இருக்கிறது. அதைக் கண்ணில் காட்ட வேண்டாம் என்று உன் மனைவி கேட்டுக்கொண்டதால் அன்று முதல் என் பொறுப்பில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் வாடை வந்தது. முதலில் கருகிய பிளாஸ்டிக்கின் வாடை. அதற்கடியில் கண்மாய்ச் சேற்றின் வாடை. தகரக் கூரை சூடேற ஏற இரண்டும் வலுத்தன. வெளியே மேற்கிலிருந்து மேகாத்து வீசிக்கொண்டிருந்தது. தோப்பின் மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, எதையோ கூட்டமாகச் சுட்டிக்காட்டுவது போல் நின்றன. அவை காட்டிய திசையில் கண்மாய் இருக்கிறது.

படகில் இரண்டு குழிகள். ஒன்று, செய்தவர்கள் வைத்தது. விளிம்பு வழவழப்பாக இருக்கிறது. மற்றது, பின்தளத்தை அறுத்து நீ வைத்தது. அதன் விளிம்பில் கை கீறாமலிருக்க ஜீப் கதவுக்குப் போடும் கறுப்பு ரப்பரைச் சுற்றி ஒட்டியிருக்கிறாய். உள்ளே ஜீப் இருக்கையின் பலகை, நான்கு போல்ட்டுகள், இரண்டு இரும்புக் கொக்கிகள். கொக்கிகளுக்கு நடுவே நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டிய அந்த மூட்டை. அன்று விசாரணைக்கு வந்த காவலர் எல்லைச் சாவடியில் கடத்தல் பிடித்துப் பழகியவர். உள்ளே என்ன சரக்கு என்று ஒரு கம்பியால் குத்திப் பார்த்தார். வெறும் மண் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அந்தத் துளை வழியே மண் காய்ந்து, ஓராண்டாக மெல்லச் சிந்தி, தரையில் சிறு குவியலாகச் சேர்ந்திருக்கிறது. நான் அதைக் கூட்டவில்லை. மூட்டையை அவிழ்க்கவும் இல்லை.

உனக்கு இந்த ஆசை வந்த கதையை உனக்கே நினைவூட்ட வேண்டியதில்லை என்றாலும், பதிவுக்காக எழுதுகிறேன். கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. நான் சட்டம் படிக்க மதுரைக்குப் போனேன்; நீ உன் அப்பாவின் ஜீப்பில் ஏறினாய். ஐம்பதைத் தாண்டியபோது, ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களைக் கேரளாவுக்கு ஏற்றிப்போகும் வண்டிகள் வரிசையாக உன் வீட்டு முன்னால் நின்றன. எனக்குச் சர்க்கரை, உனக்கு ரத்த அழுத்தம். இருவரையும் காலையில் நடக்கச் சொன்னார் மருத்துவர். “நடக்குறதுக்கு நான் என்ன சந்தைக்குப் போற மாடா?” என்றாய். அடுத்த வாரமே மலைக்கு அப்பால் ஒரு காயலோரத்தில் கயாக் சொல்லிக்கொடுக்கும் தாமஸ் என்பவரைக் கண்டுபிடித்து வந்தாய். ஞாயிறு தோறும் குமுளி ஏறி இறங்கினோம்.

ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தோம். நேராகச் செலுத்தவும், திருப்பவும், கவிழ்ந்தால் பதறாமல் வெளியே வரவும், கூட இருப்பவர் படகைப் பிடித்துக்கொள்ள மறுபடி ஏறி உட்காரவும் வந்தது. கவிழ்ந்த படகை இடுப்பின் சுழற்சியால் தானே நிமிர்த்திக்கொள்ளும் வித்தை மட்டும் இருவருக்கும் வரவில்லை. புதியவர்களும் அல்ல, தேர்ந்தவர்களும் அல்ல என்ற இடத்தில் நின்றோம். சொந்தப் படகு வாங்கும் ஆசை அந்த இடத்தில்தான் வரும் என்று தாமஸ் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: “புதுசா வர்றவன் பேடிச்சுப் பயந்தே பிழைப்பான் சாரே. நல்லா அறிஞ்சவன் அறிவால பிழைப்பான். இடையில நிக்கறவன்...” வாக்கியத்தை முடிக்காமல் துடுப்புகளை அடுக்கப் போய்விட்டார். நீ சிரித்தாய். திரும்பி வரும்போது குமுளி மலையில் பனிமூட்டம். வழக்கமாக ஒரு கையால் ஓட்டுபவன் நீ, அன்று இறங்கி முடிக்கும்வரை இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாய்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தாமஸின் கொட்டகையில் படகுகள் அடுக்கடுக்காக இருந்தன. நான் நேரே போய் நின்றது, வெள்ளையாக, நீளமாக, வாள்போல் ஒடுங்கிய ஒன்றின் முன்னால். நீ என் தோளைப் பிடித்துத் திருப்பினாய்.

“ஏலே வக்கீலு, அது நீ ஓட்டுற படகு இல்ல. ஓட்டணும்னு கனவு காணுற படகு. வாங்கி வீட்டுல தொங்க விட்டுட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிவ.”

சரி என்று அகலமான ஒன்றில் உட்கார்ந்தேன். ஆடவே இல்லை. இதுவே போதும் என்றேன்.

“இது கட்டிலு,” என்றாய். “அகல டயர் போட்ட வண்டி மாதிரி. சமதளத்துல இதுதான் ராசா. சாயிற எடம் வந்தா, சொல்லாமக் கொள்ளாமச் சாஞ்சிரும்.”

தாமஸ் உன்னை வியப்போடு பார்த்தார். அவர் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டாய். தட்டையான அடிப்பகுதி அமைதியான நீரில் தட்டுப்போல் நிற்கும். அலை வந்தால் அலையோடு சேர்ந்து சாயும். தாங்கும் எல்லை முடிந்த இடத்தில் முன்னறிவிப்பில்லாமல் கவிழும். கொஞ்சம் உருண்ட அடிப்பகுதி தொடக்கத்தில் ஆடிப் பயமுறுத்தும். ஆனால் சாயச் சாய எங்கோ ஓரிடத்தில் நின்று தாங்கும். முதல் நிமிடத்தில் பிடித்துப்போவதை நம்பி வாங்காதே என்பதே அவருடைய பாடம்.

கடைசியில் நடுத்தரமான ஒன்று. அளவான நீளம், சற்றே உருண்ட அடி. நீ என்னை அதில் உட்கார வைத்து, செருப்புக் கடையில் அளவு பார்ப்பவன் போல் குனிந்து பார்த்தாய். முழங்கால் மேல்தளத்தின் அடியில் முட்டுகிறதா, குதிகால் உதைகட்டையில் பதிகிறதா என்று தடவினாய். “இடுப்புக்கும் இதுக்கும் நடுவுல ஒரு வெரலு போகணும். ரெண்டு வெரலு போகக் கூடாது,” என்று உன் விரலை விட்டுப் பார்த்தாய். பிறகு விரல் முட்டியால் படகின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடங்களில் தட்டினாய்.

“கேளு. முன்னாடி ஒரு பெட்டி, பின்னாடி ஒரு பெட்டி. நடுவுல நீயி. ரெண்டு செவுரும் இருக்கு. கவுந்தா உன் குழியில மட்டுந்தேன் தண்ணி ஏறும். ரெண்டு பெட்டியும் காத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்.”

“தண்ணியில முக்கி நோக்கணும்,” என்றார் தாமஸ். “எந்தப் படகும் ஆத்யம் முக்கி நோக்கணும். அப்புறம் வாங்கு.”

படகைக் காயலுக்கு இழுத்துப் போய், கவிழ்த்து, குழி நிறைய நீரை நிரப்பினோம். அது எருமையின் முதுகுபோல் சமமாக மிதந்தது. நீ அதன்மேல் படுத்துப் பார்த்தாய். “போதும். வக்கீலு சாக மாட்டான்,” என்றாய்.

எனக்குப் பச்சை. உனக்கு அதே அளவில், அதே வார்ப்பில், சிவப்பு. உன் மகள் விடுமுறைக்கு வரும்போது கூட்டிப்போக வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததால், இருவர் அமரும் படகாக எடேன் என்று கேட்டேன். நீ சொன்ன பதில் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

“ரெண்டு சீட்டுல ஒத்தையாப் போனா மூக்கு தூக்கும். ஒத்த சீட்டுல ரெண்டு பேரு போனா லாவம். தொழிலு தெரியாம பேசாத.”

மூவரும் சிரித்தோம். தாமஸ் முதலில் நிறுத்தினார்.

என் தொழிலில் ‘நன்கறிந்தே’ என்று ஒரு சொல் உண்டு. குற்றத்தை இலேசாக்குவதும் கனமாக்குவதும் அந்தச் சொல்தான். அறியாமல் செய்தாய் என்று உனக்காக வாதாட எனக்கு வழியே வைக்காமல் போய்விட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் இருந்தவர்களில் அந்தச் சுவர் எதற்கு என்பதை உன்னைவிடத் தெளிவாகச் சொன்னவர் யாருமில்லை.

ஐயம் இருந்தால் சித்திரையை எடுத்துக்கொள். கோடைமழைக்கு முந்தைய ஒரு காலை. கண்மாயின் நடுவே இருந்தோம். தென்மேற்கில் மலைகள் திடீரென மிக அருகில் வந்துவிட்டதைப் போல் தெரிந்தன. நீரின் நிறம் மாறியது. பறவைகள் எல்லாம் எப்போது எழுந்து போயின என்று நான் கவனிக்கவில்லை. ஒரே வீச்சு. நான் தலைகீழானேன். வெளியே வந்தபோது பச்சைப் படகு பக்கத்திலேயே, சமமாக, பொறுமையாக மிதந்துகொண்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டேன். நீ துடுப்பு வலித்து வந்து சேர்ந்தாய்.

“என்ன வக்கீலு, ஜாமீன்ல வந்துட்டியா?”

இருமி இருமி நீரைத் துப்பினேன். நீ என் படகின் முனையைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னாய். ஏறி உட்கார்ந்ததும், உன் துடுப்பின் நுனியால் என் படகைப் பின்பக்கம் தட்டினாய். “ரெண்டு செவுரும் நிக்குது. அதான் நீ இருக்க,” என்றாய். அன்று கரையில் வைத்து உடன்பாடு செய்துகொண்டோம்: ஆனி பிறந்துவிட்டால் ஆவணி வரை காலையில் மட்டுமே இறங்குவது, தூரத்துக் காற்றாலைகளின் இறக்கை சுழலத் தொடங்கினால் கரைக்கு வந்துவிடுவது, தனியாக இறங்குவதே இல்லை. நீதான் கையை நீட்டினாய். நான் கை கொடுத்தேன்.

அதன் பிறகு ஒரு மாதம் கழித்து, அந்தச் சுவரை அறுத்தாய்.

ஏன் அறுத்தாய் என்று என்னை யாரும் கேட்டால் நான் விளக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும். கூடலூரில் எந்த ஜீப்பும் வாங்கியபடி ஓடுவதில்லை. பின்பக்கத்தை அறுத்து நீட்டுவார்கள். குறுக்கே ஒரு பலகை போடுவார்கள். ஏணியில் இருவர் நிற்க இரும்புப்படி வைப்பார்கள். இன்னும் ஓர் ஆள் ஏறலாம் என்பது அங்கே வெறும் கணக்கில்லை. அதை ஒரு கருணையாகவே நினைக்கிறார்கள். “கம்பெனிக்காரன் ஆளுகளப் பாக்காமச் செஞ்சிருவான். நாமதேன் சரி பண்ணணும்,” என்பாய். விடியலில் சாலையோரம் நிற்கிற பெண்ணை விட்டுவிட்டுப் போக உனக்கு மனம் வந்ததில்லை. அதிக ஆள் ஏற்றிய வழக்குகளில் உனக்காக நின்றவன் நான். நீதிபதியின் முன் தலையை எவ்வளவு பணிவாகத் தாழ்த்துவாய் என்பதும், வெளியே வந்ததும் அதே வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவாய் என்பதும் எனக்குத் தெரியும்.

ஜீப் சாய்ந்தால் சாலை இருக்கிறது. நீருக்கு அந்த இரக்கம் இல்லை.

ஆனியில் உன் வீட்டு முற்றத்தில் படகைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாய். நுழைந்ததுமே பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது. என்ன செய்தாய் என்றேன். பின்னால் ஓர் இருக்கை வைத்துப் பார்த்ததாகவும், சுவரை எடுக்க வேண்டியிருந்ததாகவும், பிறகு மனம் ஒப்பாமல் திரும்ப வைத்து அடைத்துவிட்டதாகவும் சொன்னாய். நான் நம்பாமல் பார்த்தேன்.

“அடைச்சாச்சு வக்கீலு. சந்தேகம்னா கேட்டுக்க.” தார்ப்பாயை ஓரமாக விலக்கி, முட்டியால் தட்டினாய். காற்றடைத்த பெட்டியின் ஓசை கணீரென்று வந்தது. உன் மனைவி காபி கொண்டு வந்தார். “இவுக ராத்திரியெல்லாம் அதுகூடத்தான் குடும்பம் நடத்துறாக. என்னன்னு கேளுங்கண்ணே,” என்றார். பேச்சு வேறு பக்கம் போயிற்று. தார்ப்பாய் மூடியே இருந்தது. தட்டிக் காட்டியது முன்பாதி என்பதும், தார்ப்பாய்க்கு அடியில் பின்பாதி ஒரே திறந்த வாயாகக் கிடந்தது என்பதும் ஆடியில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆடி இரண்டாம் ஞாயிறு நான் மதுரையில் ஒரு திருமணத்தில் இருந்தேன். செய்தி வந்து, கார் எடுத்து, கண்மாய்க் கரையை அடைந்தபோது பொழுது சாயவில்லை. கரையில் கூட்டம். காற்று, பேசுபவர்களின் வார்த்தையை வாயிலிருந்தே பறித்துக்கொண்டு போயிற்று. உன்னை ஏற்கெனவே வண்டியில் ஏற்றியிருந்தார்கள். படகு இன்னும் நீரிலேயே நின்றது. நின்றது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மீன் குத்தகைக்காரர்கள் பரிசலில் இருந்து இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: “செவப்பா ஒரு கம்பு நட்டாப்புலத் தெரிஞ்சுச்சு சார். காத்துக்கு ஆடுச்சு. யாரோ வலை அடையாளத்துக்கு ஊணிருக்காகன்னுதேன் நெனச்சோம். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தோம்.”

பின்சுவர் இல்லாத இடத்தில் நீர் வால்வரை நிறைந்திருக்கிறது. மூட்டையின் கனம் வாலைக் கீழே இழுத்திருக்கிறது. முன்பெட்டியின் காற்று மட்டும் விடவில்லை. ஆகவே உன் படகு கண்மாயின் நடுவே செங்குத்தாக எழுந்து நின்றிருக்கிறது, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. மிதக்கிற படகில் ஏறலாம். நிற்கிற படகில் யாரும் ஏற முடியாது. வழுக்குகிற அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு நீ எவ்வளவு நேரம் இருந்தாய் என்பதைக் கரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. அவர்கள் கண்ணுக்கு நீ தெரியவே இல்லை, கம்புதான் தெரிந்தது.

மூட்டையைப் பற்றி எனக்குச் சொன்னவர் பட்டறை முருகேசன். சுவரை அறுத்தது அவர் கை. கூட்டத்திலிருந்து ஒதுங்கி, அழுது முடித்திருந்தார்.

“பாப்பா ஏறுறதுக்கு முன்னாடி எடை கட்டிப் பாக்கணும்னாக சார். புது வண்டிக்கு லோடு பாக்குறாப்புல. பாப்பா எடை எம்புட்டுன்னு வீட்டுல ஏத்திப் பாத்துட்டு வந்துதேன் சொன்னாக. சரியா அம்புட்டு மண்ணு அள்ளிக் கட்டுனேன். இங்கன உக்காருவா, ஆடாம இறுக்கிக் கட்டுன்னாக. இறுக்கித்தேன் கட்டுனேன்.”

படகைக் கரையேற்றிய பிறகு, உயிர்காப்புச் சட்டை ஏன் மூட்டைக்கடியில் கிடக்கிறது என்று அவரைக் கேட்டேன். மண் மூட்டை மேடு பள்ளமாக உட்கார்ந்ததாம். அடியில் மெத்தை வேண்டும் என்று நீயே கழற்றிப் போட்டாயாம். உன் மகளின் இடத்தில் இருந்த மண்ணுக்கு உறுத்தக் கூடாது என்று.

இதற்குமேல் என் கோபம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அசட்டுத் துணிச்சலில் செத்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். அஞ்சாதவன் மூட்டை கட்ட மாட்டான். நீ அஞ்சியிருக்கிறாய். அந்தப் படகு சரியில்லை என்ற ஐயம் உனக்குள் இருந்ததால்தான் மகளுக்கு முன்னால் மண்ணை ஏற்றினாய். காற்று எழும் நேரம்தான் உண்மையான சோதனை என்று எண்ணியே பிற்பகலைத் தேர்ந்திருப்பாய். அவ்வளவு ஐயம் இருந்தவன் என்னை ஏன் கூப்பிடவில்லை? பச்சைப் படகில் பக்கத்தில் நான் இருந்திருந்தால் நீ என்னைக் கட்டிக்கொண்டு கரை வந்திருப்பாய். கூப்பிட்டால் நான் தார்ப்பாயை முழுக்க விலக்கிப் பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு பொய்யைக் காப்பாற்றவே தனியாகப் போனாய்.

நேற்று மாலை உன் மகள் நிவேதா பேசினாள். அவளுடைய குரலில் உன் அவசரம் இருந்தது.

“வக்கீல் சித்தப்பா, அப்பா படகு உங்ககிட்டதான இருக்கு? ஆவணி மொத ஞாயித்துக்கெழம வாரேன். எடுத்துக்கிறேன்.”

எதற்கு என்றேன். சென்னையில் ஓராண்டாகச் சனி ஞாயிறுகளில் கயாக் பழகுகிறாளாம். உன் மனைவிக்கு இன்னும் தெரியாதாம். நேராகப் போக, திருப்ப, கவிழ்ந்தால் வெளியே வர எல்லாம் வருகிறதாம். இனிமேல் வாடகைப் படகு வேண்டாம், சொந்தமாக ஒன்று வைத்துக்கொள் என்று கூடப் பழகுபவர்கள் சொல்கிறார்களாம். புதியவளும் அல்ல, தேர்ந்தவளும் அல்ல. தாமஸ் முடிக்காமல் விட்ட வாக்கியம் ஓராண்டு கழித்து என் காதுக்குள் வந்து நின்றது.

“எதுக்குப் புதுசு வாங்கணும் சித்தப்பா? அப்பாவோடதே இருக்கே. ரெண்டு சீட்டு வேற. அப்பா எனக்கு போட்டோ அனுப்புனாக, அடுத்த வாரம் இதுல நீயின்னு. அன்னைக்கிக் காத்துதான அப்பாவைக் கொன்னுச்சு, படகு என்ன செய்யும்? ஒரு நா அம்மாவையும் பின்னாடி ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தணும். அம்மாவுக்குப் பயம் போகும்.”

இன்னும் ஓர் ஆள். நீ செத்தும் அந்தப் பலகை காலியாக இருக்க மறுக்கிறது.

அது ஓட்டும் நிலையில் இல்லை என்றேன். ஓட்டை என்றால் அடைத்துக்கொள்ளலாம் என்றாள். புதிதாக ஒன்று நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பா கை பட்டதுதான் வேண்டும் என்றாள். காரணம் சொல்லாத மறுப்பை உன் குடும்பத்தில் யாரும் ஏற்றதில்லை. வைக்கும்முன் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“அப்பா சாகுறதுக்கு முன்னாடி ஊருக்கு வந்தப்ப என்னைய எடை மெஷின்ல ஏத்திப் பாத்தாக சித்தப்பா. குண்டாயிட்டன்னு கேலி பண்ணத்தான்னு நெனச்சேன். எதுக்குப் பாத்தாகன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.”

தொலைபேசியை வைத்துவிட்டு, மோட்டார் அறையின் சாவியைத் தேடி எடுத்தேன்.

என் நிலையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். உண்மையைச் சொன்னால், தன் எடையைக் கட்டிக்கொண்டு தகப்பன் மூழ்கினான் என்பதை உன் மகள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். சொல்லாவிட்டால், அந்தப் படகிலோ, வேறொன்றை அறுத்து அப்படியே செய்த படகிலோ, தாயைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நீருக்குள் போவாள். இரண்டில் ஒன்றை எடுக்கும் பொறுப்பை நீ என் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன் வழக்குகளில் இதுதான் கடைசி. இதில் மட்டும் நீ நேரில் வரவில்லை.

நீ போன பிறகு நான் நீரில் இறங்குவதை விட்டுவிடவில்லை. காலையில் மட்டும் போகிறேன். உத்தமபாளையத்திலிருந்து இப்போது ஓர் ஆசிரியர் துணைக்கு வருகிறார். பச்சைப் படகைக் கரையில் வைத்து, இறங்கும்முன் ஒவ்வொரு முறையும் விரல் முட்டியால் முன், நடு, பின் என்று தட்டுகிறேன். அந்த ஆசிரியர் அதை ஏதோ வழிபாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தட்டல் ஒன்றுதான். அது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதும் இந்த மடலின் கசப்புகளில் ஒன்று.

ஆகவே பின்வருமாறு செய்யக் கருதியிருக்கிறேன். ஆவணி முதல் ஞாயிறு காலை நிவேதா வரும்போது, மோட்டார் அறைக்கு அழைத்துப் போவேன். மூன்று இடங்களிலும் அவளையே தட்டச் சொல்வேன். முன்பக்கம் எப்படி ஒலிக்கிறது, பின்பக்கம் எப்படி ஒலிக்கவில்லை என்பதை அவள் காதே கேட்கட்டும். பிறகு மூட்டையின் கட்டை அவள் கையாலேயே அவிழ்க்கச் சொல்வேன், தூக்கச் சொல்வேன். சிந்தியது போக மீதி இருக்கிறது. தூக்கினால் போதும், நான் எதுவும் சொல்ல வேண்டியிராது. அதன் பிறகு படகை இருவருமாக அறுத்துத் துண்டாக்குவோம். மறு வாரம் குமுளி ஏறி, தாமஸின் கொட்டகையில் அவளை உட்கார வைத்து, இடுப்போரம் ஒரு விரல் போகிறதா என்று பார்ப்பேன். எந்தப் படகானாலும் முதலில் முக்கிப் பார்ப்போம்.

இதில் எதற்கேனும் உனக்கு ஆட்சேபம் இருந்தால், அந்த ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் எனக்குப் பதில் வந்து சேர வேண்டும். தவறினால் உன் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வேன். வாய்மொழியாகச் சொல்வது எதையும் உன்னிடமிருந்து இனி நான் ஏற்பதாக இல்லை, தட்டிக் காட்டுவதையும்.